பதில்: புரோட்டோ-பங்க் என்பதற்கு ‘முன்னோடி’ பொருந்துமா?

> ‘முன்னோடி பங்க்’ என்றே வைத்துவிடலாம். எல்லோருக்கும் புரியும்.

வணக்கம் ஐயா. பங்க் ராக் என்ற இசைவகை பரவும் முன்பே அதே பாணியில் வந்த இசையை ஆங்கிலத்தில் ‘புரோட்டோ-பங்க்’ என்கிறார்கள். அதற்கு ‘முன்னோடி பங்க்’ என்றால் புரியும்தான். ஆனால் முன்னோடி என்றால், அவர் தடத்தைப் பார்த்துப் பின்னால் சிலர் வந்திருக்க வேண்டும். அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்து ‘டெத்’ இசைக்குழுவுக்கு அப்படி யார் வந்தார்கள்?

டேவிட், பாபி, டேனிஸ் என்று மூன்று கறுப்பினச் சகோதரர்கள். 1975இல் ஏழு பாடல்களைப் பதிவு செய்தார்கள். பங்க் ராக்கின் பெயர்பெற்ற குழுவான ரமோன்ஸின் முதல் ஆல்பம் வந்ததே 1976இல்தான். அந்த வேகமும் ஆத்திரமும் இவர்களிடம் அப்போதே இருந்தன. குழுவின் பெயரை மாற்றச் சொன்னார், பணம் போடவிருந்த இசைத்தட்டு நிறுவன அதிபர் கிளைவ் டேவிஸ். மூத்தவர் டேவிட் மறுத்துவிட்டார். கடைசியில் தாங்களே 500 இசைத்தட்டுகள் அச்சிட்டார்கள், வானொலிகள் கண்டுகொள்ளவில்லை. 1977இல் குழு கலைந்தது. 2000இல் டேவிட் நுரையீரல் புற்றுநோயால் இறந்தார். அந்தப் பாடல்கள் ஆல்பமாக வெளிவந்தது 2009இல். இதை எழுதும்போதும் மனம் கனக்கிறது.

> ‘தொல்திராவிடம்’ போல ‘தொல்பங்க்’?

அதிலும் இதே சிக்கல்தான். திராவிட மொழிகளுக்கெல்லாம் மூலமான தொல்திராவிடத்திலிருந்து மொழிகள் கிளைத்தன. டெத்திலிருந்து எதுவும் கிளைக்கவில்லை. மேலும், ஓராண்டு முந்தியதற்குத் ‘தொல்’ மிகப் பெரிய சொல்.

என் பரிந்துரை: முந்துபங்க். தொல்காப்பியப் பாயிரத்திலேயே ‘முந்துநூல்’ இருக்கிறது. காலத்தால் முற்பட்டது என்பதோடு இந்தச் சொல் நின்றுவிடும். வழிவந்தவர்கள் உண்டா என்ற கேள்விக்குள் போகாது. வினைத்தொகை என்பதால் இடையில் ‘ப்’ போட வேண்டாம்.

> ‘பங்க்’ என்றால் பெட்ரோல் பங்க்தான் நினைவுக்கு வருகிறது. ‘கலக இசை’ எனலாமே?

கலகம் என்பது மனநிலை. குறுகிய பாட்டு, விரைந்த தாளம், சில சுரக்கூட்டுகளுக்குள் (chords) முடியும் கிட்டார் என்று பங்க் ஓர் இசைவடிவம். ‘கலக இசை’ என்றால் எதிர்ப்புப் பாடல்கள் அனைத்தும் அதில் வந்து விழும். தனியே எழுதும் இடத்தில் ‘பங்க் ராக்’ என்றால் குழப்பம் தீரும்.

முன்னோடி என்ற சொல்லை நான் ஒதுக்கவில்லை. அதே மிச்சிகன் மாநிலத்து ஸ்டூஜஸ் குழுவின் ‘நோ ஃபன்’ பாடலைப் பின்னால் வந்த பங்க் குழுவான செக்ஸ் பிஸ்டல்ஸ் எடுத்துப் பாடியது. ஸ்டூஜஸ் முந்துபங்க், முன்னோடியும்கூட. டெத் முந்துபங்க் மட்டுமே. இந்த வேறுபாட்டைக் காட்டும் சொல் நமக்கு வேண்டும்.

நம் கலைச்சொல் பட்டியலில் இப்படிச் சேர்க்கலாமா? ‘முந்துபங்க்: பங்க் ராக் என்ற பெயர் பரவலாகும் முன்பே அவ்வடிவில் அமைந்த இசை.’ ‘அவ்வடிவில்’ என்பதைவிட நல்ல சொல் இருந்தால் சொல்லுங்கள்.