புதுப்பிப்பு: இலவச அட்வெஞ்சர் கேம்கள் போனில் ஓடுமா?

போன இழையில், தனி ஆட்கள் உருவாக்கி இலவசமாக விடும் அட்வெஞ்சர் கேம்களை (கதைக்குள் புதிர் விடுவித்துப் போகும் கேம்கள்) ஆடிப் பார்த்து விமர்சனம் எழுதப்போவதாகச் சொல்லியிருந்தேன். "லேப்டாப் இல்லையே, போனில் ஓடுமா?" என்றுதான் நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். ஓடும்.

இந்த கேம்களில் பல, ஏஜிஎஸ் (அட்வெஞ்சர் கேம் ஸ்டுடியோ) என்ற, கேம் உருவாக்கும் இலவச மென்பொருளில் செய்தவை. ஸ்கம்விஎம் என்பது பழைய அட்வெஞ்சர் கேம்களை இன்றைய கருவிகளில் ஓடவைக்கும் இலவச ஆப். 2021இல் வந்த அதன் 2.5 பதிப்பிலிருந்து ஏஜிஎஸ் கேம்களும் அதில் ஓடுகின்றன. ஆண்ட்ராய்டுக்கும் ஸ்கம்விஎம் உண்டு. கேம் ஃபோல்டரை போனில் போட்டு, ஆப்பில் சேர்த்தால் சரி.

மன்னார்குடியில் சித்தி மகனிடம் முதலில் கொடுத்தது 'பெனீத் எ ஸ்டீல் ஸ்கை'. 1994இல் ஒரு நிறுவனம் விற்ற கேம்தான், 2003இல் இலவசமாக்கிவிட்டார்கள், பழக்கிவிட ஏற்றது. குறுவை நாற்றுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போனவன் மோட்டார் கொட்டகையில் உட்கார்ந்து, கேமில் வரும் பூட்டிய கதவைத் திறக்கத் தெரியாமல் எனக்கு போன் மேல் போன். பக்கத்திலேயே ஒரு இரும்புக் கம்பி ஆடிக்கொண்டிருக்கும், அதைப் பிடுங்கி நெம்ப வேண்டும். மவுஸில் சட்டென்று கண்ணில் படுவது, கட்டைவிரலுக்கு அடியில் மறைந்துவிடுகிறது. அதனால் இனி விமர்சனத்தில் 'விரலுக்கு வசதியா' என்பதையும் எழுதுவேன். (வயலில் தண்ணீர் வழிந்ததற்குச் சித்தப்பா என்னைத்தான் திட்டினார்.)

அப்புறம், பிடித்த கேமுக்கு இட்ச்.ஐஓ (தனி ஆட்கள் தங்கள் கேம்களை வெளியிடும் தளம்) பக்கத்தில் இரண்டு வரி எழுதுங்கள், தமிழில் எழுதினாலும் சரி. காசு வாங்காமல் செய்பவருக்கு வேறென்ன கிடைக்கிறது? எங்காவது மாட்டிக்கொண்டால் கேளுங்கள். துப்பு மட்டும்தான் தருவேன்.