திருமுட்டம் பூவராகரும் எங்க கொல்லைக் கோரையும் – உங்க வராகர் அனுபவத்தையும் எழுதுங்க

எல்லாருக்கும் வணக்கம். நரசிம்மர் அனுபவம் எழுதுறவங்க நிறைய பேரு இருக்காங்க, பன்னி ரூபத்துல வந்து பூமியைத் தூக்கின பெருமாள், அந்த வராகரப் பத்தி யாரும் அவ்வளவா பேசக் காணோம், அதான் நானே ஆரம்பிக்கிறேன்.

எங்க ஊரு விருத்தாசலம் பக்கம். மானாவாரிக் கொல்லை ரெண்டு ஏக்கர், வருஷா வருஷம் மல்லாட்டதான், அதான் வேர்க்கடலை. காய் புடிக்கிற நேரம் வந்துட்டா அப்பாவுக்குத் தூக்கம் கெடையாது, தகர டின்னும் டார்ச்சும் எடுத்துக்கிட்டு கொல்லையிலயே படுத்துக்குவாரு, ஏன்னா காட்டுப்பன்னிக் கூட்டம் ஒரு ராத்திரி உள்ள பூந்துச்சுன்னா அந்த வருஷ உழைப்பே போச்சு. எனக்குப் பதினோரு வயசு இருக்கும், அழுது அடம்புடிச்சு ஒரு நாள் அவரோட போனேன். நடுராத்திரி சத்தம் கேட்டு அப்பா டார்ச் அடிச்சாரு பாருங்க, வரப்போரமா ஒத்தப் பன்னி, தலை குனிஞ்சபடி மூஞ்சியாலயே மண்ணை உழுதுக்கிட்டு நிக்குது, ரெண்டு பக்கமும் மண்ணு தெறிக்குது. வெளிச்சம் பட்டதும் நிமிந்து பாத்துச்சு. கோரைப்பல்லுல ஒரு புல்லுக்கத்தை மாட்டியிருக்கு, அதோட வேர்ல ஒரு மண்ணாங்கட்டி அப்படியே தொங்குது, மூஞ்சி பூரா ஈரச்சேறு. அப்பா டின்னைத் தட்டினதும் ஓடிப்போச்சு. எனக்கு அந்த மூஞ்சி மட்டும் மறக்கவே இல்ல.

விடிஞ்சதும் போய்ப் பாத்தா அது தோண்டுனது கோரையை, மல்லாட்ட ரெண்டு மூணு செடிதான் போயிருந்துச்சு. கோரை பத்தி விவசாயம் பண்றவங்களுக்குச் சொல்லவே வேணாம். களைக்கொட்டால மேல வெட்டினா நாலு நாள்ல திரும்ப நிக்கும், அடியில நூல் மாதிரி ஓடி அங்கங்க கறுப்பா சின்னச் சின்னக் கிழங்கு, ஒண்ணை விட்டாலும் போதும் மறுபடியும் முளைச்சிடும். எங்க ஆயா வெயில்ல குந்திக்கிட்டு ஒவ்வொரு கிழங்கா தோண்டி எடுத்து மடியில போட்டுக்கும், "பாழாப்போற கோரை"ன்னு திட்டிக்கிட்டே.

அந்த ஆயாதான் என்னை முதல்ல திருமுட்டம் கூட்டிட்டுப் போச்சு. ஸ்ரீமுஷ்ணம்னு போர்டுல இருக்கும், எங்க பக்கம் திருமுட்டம்தான். பங்காளிங்களோட வரப்புத் தகராறு ஒண்ணு வருஷக்கணக்கா இழுத்துக்கிட்டு இருந்த நேரம், நெலம் சம்பந்தமா எந்தக் கஷ்டம்னாலும் எங்க ஆளுங்க பூவராகர்கிட்டதான் போவாங்க. ஆயா கிளம்பறதுக்கு முன்னாடி கொல்லையில ஒரு பிடி மண்ணு எடுத்து முந்தானையில முடிஞ்சுக்குச்சு, பஸ்ல போற வழி பூரா அந்த முடிச்சுலேர்ந்து கையை எடுக்கல.

நான் பெரிய சாமியா இருக்கும்னு நெனச்சுக்கிட்டுப் போனேன். மூலவர் சின்ன உருவம்தான், சாளக்கிராமக் கல்லு, யாரும் செதுக்காம தானா தோன்றின சுயம்புன்னு சொல்வாங்க, ஸ்ரீரங்கம் திருப்பதி மாதிரி எட்டு சுயம்வ்யக்த க்ஷேத்திரத்துல இதுவும் ஒண்ணு. ரெண்டு கையையும் இடுப்புல வச்சுக்கிட்டு நிக்கிறாரு, உடம்பு மேற்கப் பாத்து, முகம் மட்டும் தெற்க திரும்பி. பட்டாச்சாரியார் தீபத்தைத் தூக்கினதும் அந்த முகத்தைப் பாத்தேன், எனக்கு ஒடம்பு சிலுத்துப் போச்சு. டார்ச் வெளிச்சத்துல நிமிந்து பாத்துச்சே, அதே மூஞ்சி. பக்கத்துல நின்ன ஒரு பெரியவர் கண்ணை மூடிக்கிட்டு "மாசுடம்பில் நீர்வாரா மானமிலாப் பன்றியாம்"னு மெல்ல சொல்லிக்கிட்டு இருந்தாரு, ஆண்டாள் பாட்டுன்னு பின்னாடிதான் தெரிஞ்சுது. பூமித்தாயைத் தூக்கணும்னா ஒடம்பெல்லாம் சேறும் தண்ணியுமா ஆனாலும் பரவால்லன்னு வந்த சாமி, அதைப் போய் ஆண்டாள் எவ்ளோ ஆசையா சொல்லியிருக்கா பாருங்க.

அப்புறம் பிரசாதம் குடுத்தாங்க. நெய் வாசனை, சர்க்கரை, ஏலக்காய், அதுக்கு அடியில எனக்கு நல்லாத் தெரிஞ்ச ஒரு வாசனை. ஆயா வாயில போட்டுக்கிட்டு அப்படியே நின்னுடுச்சு. கோரைக்கிழங்கு! அதுதான் இந்தப் பெருமாளுக்கு நைவேத்தியமாம், பன்னிக்குப் புடிச்சது அதானே. ஆயா கண்ணுல தண்ணி. அதுக்கப்புறமும் கோரை புடுங்குச்சு, புடுங்காம பயிர் எப்படி வரும், ஆனா சாகிற வரைக்கும் அதைத் திட்டி நான் கேக்கல.

தகராறு ரெண்டு வருஷம் கழிச்சு பேசித் தீர்ந்துச்சு, நான் வராகர்தான்னு நம்புறேன். உங்களுக்கு எப்படி?

*

அண்ணா, படிச்சிட்டு அழுதுட்டேன். என்னோடது திருவிடந்தை, ஈசிஆர்ல கோவளம் தாண்டினதும் வருமே நித்யகல்யாணப் பெருமாள், அதுவும் வராகர்தான். எல்லாரும் போறது கல்யாணத்துக்கு, நானும் அதுக்குத்தான் போனேன், மாலை போட்டுக்கிட்டு ஒன்பது சுத்து சுத்தினேன், நடந்துச்சு, ஜோடியா திரும்பப் போய்ப் பழைய மாலையையும் சேர்த்தோம். ஆனா நான் சொல்ல வந்தது வேற. அங்க பெருமாள் தாயாரை இடது தொடையில தாங்கிக்கிட்டு இருப்பாரு, முகம் தாயாருக்கு அவ்வளவு கிட்டக்க, காதுல ஏதோ சொல்ற மாதிரியே இருக்கும். என்ன சொல்றாருன்னு எங்க மாமியார்தான் சொன்னாங்க, வராக சரம ஸ்லோகம். உடம்பும் மனசும் நல்லா இருக்கும்போது ஒருத்தன் என்னை நெனச்சாப் போதும், கடைசியில அவன் கட்டையா கல்லா நெனவில்லாம கெடக்கும்போது நான் அவனை நெனச்சுக்குவேன், நானே கூட்டிட்டுப் போவேன்னு பூமாதேவிகிட்ட சொன்ன வார்த்தை. எங்கம்மா ஐசியூல பதினேழு நாள் நெனவு திரும்பாம இருந்தாங்க. காதுகிட்ட கூப்பிட்டுப் பாப்பேன், ஒரு அசைவும் இருக்காது. எப்பேர்ப்பட்ட பக்தி உள்ளவங்க, கடைசியில ஒரு தடவ நாராயணான்னு சொல்ல முடியலயேன்னு நான் துடிச்சப்போ இந்த ஒரு ஸ்லோகந்தான் என்னைப் புடிச்சு நிறுத்துச்சு. அம்மா சொல்ல வேண்டியதில்ல, அவரு நெனச்சுக்குவாரு.

*

நல்ல பதிவு சார். நான் வேலை விஷயமா மத்தியப் பிரதேசத்துல பீனா ஜங்ஷன் பக்கம் மூணு வருஷம் இருந்தேன். அங்கேர்ந்து கொஞ்ச தூரத்துல ஏரண்னு ஒரு கிராமம், ஆத்தங்கரையில ஒரு வராகர் நிக்கிறாரு. நம்ம மகாபலிபுரத்துல பாக்குற மாதிரி மனுஷ உடம்பு பன்னித் தலை இல்ல, நாலு காலோட முழுப் பன்னி, ஆள் உசரத்தவிட ரொம்பப் பெருசு. ஒடம்பு பூரா வரிசை வரிசையா குட்டிக்குட்டியா ரிஷிங்க, தூரத்துலேர்ந்து பாத்தா ரோமம் மாதிரித் தெரியும். பூமாதேவி கோரைப்பல்லைப் புடிச்சுக்கிட்டு தொங்குறா. மார்புல ஹூண ராஜா தோரமாணன் காலத்துக் கல்வெட்டு இருக்கு, 1500 வருஷம் இருக்கும். பூஜை எதுவும் இல்ல, மேல கூரை இல்ல, நான் போன அன்னைக்கு மழை தூறிக்கிட்டு இருந்துச்சு, மூக்குலேர்ந்து தண்ணி சொட்டிக்கிட்டே இருந்துச்சு. நீங்க எழுதின ஆண்டாள் வரியைப் படிச்சதும் அதுதான் கண்ணு முன்னாடி வந்துச்சு. கையில பூ கூட இல்ல, சும்மா கும்பிட்டுட்டு வந்தேன்.

*

ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. தங்கச்சி, நீங்க எழுதினதை எங்கம்மாவுக்குப் படிச்சுக் காட்டினேன், ஒண்ணும் பேசாம உக்காந்திருந்தாங்க.

ஒண்ணு விட்டுட்டேன், மாசி மகம். திருமுட்டத்துலேர்ந்து உற்சவர் கிளம்பி ஊர் ஊரா மண்டகப்படி வாங்கிக்கிட்டு சிதம்பரத்தைத் தாண்டி கிள்ளை கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்குப் போவாரு. அங்க தைக்கால்கிட்ட தர்காக்காரங்க பட்டும் மாலையும் குடுத்து வரவேற்பாங்க, சாமி மாலை தர்காவுக்குப் போகும். கூட்டத்துல ஒரு பாய் தலையில தொப்பியோட, தோள்ல பேத்திய உக்கார வச்சுக்கிட்டு "அந்தா பாரு வராகரு"ன்னு காட்டிக்கிட்டு இருந்ததை நான் பாத்தேன். பூமி எல்லாருக்கும் ஒண்ணுதானே, அதைத் தூக்கினவரை எல்லாரும் வந்து பாக்குறாங்க.

வரணும்னு நெனைக்கிறவங்க முந்தின நாளே வந்துடுங்க, அன்னைக்குக் காலையில வந்தா கிட்டப் போகவே முடியாது. எங்க வீட்டுல தங்கிக்கலாம், அம்மா சமைச்சுப் போடும். மல்லாட்ட அவிச்சு வைக்கச் சொல்றேன்.