‘கான்ட்ரகூ’ காயத்திற்குத் தமிழ்ச்சொல்

மொழிபெயர்ப்பாளர்:

அன்புடையீர், வணக்கம். பிணக்கூறாய்வு அறிக்கை ஒன்றைத் தமிழாக்கி வெள்ளிக்கிழமைக்குள் வழக்குரைஞரிடம் ஒப்படைக்க வேண்டும். தலையில் அடி ஓரிடத்தில் பட, அதற்கு எதிரே மூளை காயப்படுவதைக் குறிக்கும் ‘கான்ட்ரகூ’ (contrecoup) என்ற சொல் மட்டும் வழிமறித்து நிற்கிறது. பிடரியில் தோலுக்கடியில் இரத்தக்கட்டும், மூளையின் நெற்றிமடல் அடிப்பரப்பில் கன்றலும் இருந்ததாக அறிக்கை கூறுகிறது. ‘எதிரடிக் காயம்’ என்று எழுதி வைத்திருக்கிறேன், பொருந்துமா?

தடயவியல் மருத்துவம் கற்பிப்பவர்:

பொருந்தாது. பிரெஞ்சு மூலத்தின் நேர்பொருள் எதிரடிதான். ஆனால் தமிழில் எதிரடி என்றால் திருப்பி அடித்தது. இறந்தவரும் கை ஓங்கினார் என்று வாதாட எதிர்த்தரப்புக்கு நீங்களே அடியெடுத்துக் கொடுத்தது போலாகிவிடும்.

அசையாதிருக்கும் தலையில் கட்டையால் அடித்தால், பெரும்பாலும் அடி விழுந்த இடத்திற்கு நேர் கீழே மூளை கன்றும். மல்லாந்து விழுபவரின் தலையோ வேகமாக வந்து தரையில் மோதிச் சட்டென நிற்கிறது. அடி பிடரியில் பட, கன்றுவது நெற்றிமடலும் பொட்டுமடலின் முனையுமாகும். கண்குழிக் கூரையாக அமைந்த மண்டையோட்டுத் தளம் மேடும் பள்ளமுமாக இருக்கிறது. கூறாய்வு மேசையில் மூளையை எடுத்துவிட்டுக் கையுறையோடு தடவினாலே அது விரலில் நெருடும். பின்பகுதி வழவழப்பானது. ஆகவே முகங்குப்புற விழுந்தவரின் பிடரிமடலில் இக்காயத்தைக் காண்பது அரிது. இன்னொன்று: தலை நகர்ந்து வந்து மோதியது என்பதைத்தான் இக்காயம் உணர்த்துமே தவிர, வழுக்கி விழுந்தாரா, பிடித்துத் தள்ளினார்களா என்பதைச் சொல்லாது. அந்த வேறுபாட்டைச் சொல்லே குலைத்துவிடக் கூடாது. ‘எதிர்ப்புறக் கன்றல்’ என்பது என் பரிந்துரை.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

கன்றல் நல்ல சொல். ‘களவின்கண் கன்றிய காதல்’ என்ற குறளில் (284) அது முதிர்ந்த, மிகுந்த என்னும் பொருளில் வருகிறது; வெயிலில் முகம் கன்றுவதும், அடிபட்ட இடம் ‘கன்னிப்போச்சு’ என்று வீட்டில் சொல்வதும் நிறம் முதிர்ந்து கறுப்பதைத்தானே குறிக்கின்றன? பசுவின் கன்றை இங்கே இழுத்து வருபவர்களோடு நான் வாதிடப் போவதில்லை. என் மறுப்பெல்லாம் ‘புறம்’ பற்றியது. மண்டையோட்டுக்குள் இருக்கும் காயத்தைப் ‘புறக் கன்றல்’ என்று முடியும் தொடரால் குறித்தால், அகமும் புறமும் படித்தவன் வெளிக்காயம் என்றே கொள்வான். ‘எதிர்முனைக் கன்றல்’ என்க.

தடயவியல் மருத்துவம் கற்பிப்பவர்:

ஐயா, எதிர்முனை என்றதும் என் மாணவர்களுக்கு மின்கலம்தான் நினைவுக்கு வரும். காயமும் எப்போதும் நேர் எதிர் முனையில் அமைவதில்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு மருத்துவர்:

19ஆம் நூற்றாண்டில் மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்த சாமுவேல் பிஸ்க் கிறீன், அறுவை மருத்துவ நூலுக்கு ‘இரணவைத்தியம்’ என்று வடசொற்களாலேயே பெயரிட்டார். தூய்மை பார்த்துக் காத்திருந்தால் அந்த நூல் வெளிவந்திராது. ‘கான்ட்ரகூ’ என்றே எழுதிவிட்டு, ஒரு வரி விளக்கம் சேர்த்தால் போதாதா?

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

நீதிமன்றத்தில் நிற்கும் இறந்தவரின் மனைவிக்கு ‘கூ’ என்பது குயில் கூவுவதாகத்தான் கேட்கும். ஊமைக்காயம் என்றால் அவருக்கே விளங்கும்; ‘எதிர் ஊமைக்காயம்’ என்றாலும் எனக்குச் சம்மதமே.

தடயவியல் மருத்துவம் கற்பிப்பவர்:

ஊமைக்காயம் என்றால் கன்றலா, உள்ளே இரத்தக்கட்டா என்று குறுக்கு விசாரணையில் முதல் கேள்வியே வந்து விழும்.

மொழிபெயர்ப்பாளர்:

அனைவர்க்கும் நன்றி. நாளை வெள்ளி, ஆகவே ‘எதிர்ப்பக்கக் கன்றல்’ என்று எழுதி, ‘அடி பட்டது பிடரியில், மூளை கன்றியது நெற்றிப் பக்கத்தில்’ என்று அடுத்த வரியிலேயே விளக்கிவிட்டேன். மூவர் ஒப்பியிருக்கிறார்கள்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

நான் ஒப்பவில்லை. பக்கம் என்பது இடமும் வலமும். முன்னும் பின்னும் எப்போது பக்கமாயின?