பாலிமார்பிசத்துக்குப் 'பாடவேறுபாடு' பொருந்துமா?

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

ஓர் இனத்துக்குள்ளேயே ஒன்று பல வடிவங்களில் காணப்படுவதுதான் பாலிமார்பிசம் (polymorphism). அதற்குப் 'பல்லுருமை' இருக்கிறதே, புதுச்சொல் எதற்கு என்று ஐயா ஒருவர் கேட்டிருந்தார். விலங்கியலுக்கு அது போதும். எறும்புப் புற்றில் ராணி வேறு, வேலைக்கார எறும்பு வேறு என்று கண்ணாலேயே பார்க்கலாம். சர்க்கரை நோய் பற்றி நான் மொழிபெயர்க்கும் கட்டுரையில் எந்த உருவமும் மாறவில்லை. குளுட்டாத்தயோன் பெராக்ஸிடேஸ் என்ற நொதியின் மரபணுவில், டி.என்.ஏ.வின் நான்கு எழுத்துகளில் ஒன்றான 'சி' ஓரிடத்தில் 'டி' ஆகிறது. அதனால் புரதத்தின் 198ஆம் இடத்தில் புரோலின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் லியூசின் என்ற இன்னொன்று வந்து உட்காருகிறது. அவ்வளவுதான். ஹைட்ரஜன் பெராக்சைடைத் தண்ணீராக்கிச் செல்லைக் காக்கிற நொதி அது. சர்க்கரை கூடிய இரத்தத்தில் அதற்கு வேலை அதிகம்.

'குறைபாடு' என்று முதல் வரைவில் எழுதியிருந்தேன். பல வருடமாகச் சர்க்கரை மாத்திரை சாப்பிடும் அம்மா படித்துவிட்டு, "அப்போ இது எங்கப்பா கொடுத்த சீக்கா?" என்றார். அன்றே அடித்துவிட்டேன். 'திடீர் மாற்றம்' என்பதும் சரிவராது. தலைமுறை தலைமுறையாக வருவதில் திடீர் எங்கே? மக்களிடையே ஒரு விழுக்காட்டுக்குக் குறையாமல் காணப்பட்டால்தான் இந்தப் பெயரே கொடுக்கிறார்கள்.

'போலி' என்று ஒரு நண்பர் சொன்னது அழகான யோசனை. ஆனால் பந்தல், பந்தர் என்று எழுத்து மாறினாலும் பொருள் மாறாததுதான் போலி. இங்கே அமினோ அமிலமே மாறிவிடுகிறது. அது மாறாத எழுத்துமாற்றங்களும் உண்டு. அவற்றுக்குப் போலியை எடுத்து வைத்துக்கொள்வோம். (போலி டாக்டர் நினைவுக்கு வருவார்தான், என்ன செய்ய!)

என் பரிந்துரை 'மரபணுப் பாடவேறுபாடு'. ஏட்டுச்சுவடிகளில் ஒரே செய்யுளுக்கு இரண்டு பாடம் (சொல் மாறிய வடிவம்) இருந்தால் ஒன்றைப் பிழை என்று தள்ளிவிடுவதில்லை, இரண்டையும் குறித்துவைக்கிறோம். பாடபேதம் என்றால் இன்னும் சட்டென்று புரியும், ஆனால் வடசொல் என்று சிலர் முகம் சுளிப்பார்கள்.

அடுத்தது, சர்க்கரையால் பெரிய தமனிகளுக்கு வரும் நோய். 'பெருந்தமனி நோய்' என்றால் தமிழ்நாட்டில் இதயத்திலிருந்து கிளம்பும் அயோர்ட்டா என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். 'பெருநாள நோய்' என்றால் யாழ்ப்பாண நண்பர் சிரைக்குப் போய்விடுவார். அவர்கள் பாடநூலில் தமனிக்கு நாடி, சிரைக்கு நாளம். 'பெருங்குழல் நோய்' என்று வைத்தால் இரு கரைக்கும் வம்பில்லை. கண்ணையும் சிறுநீரகத்தையும் தாக்குவதற்கு 'நுண்குழல் நோய்' என்ற இணையும் கிடைத்துவிடும்.

2004இல் வந்த ஜப்பானிய ஆய்வின் வரியை இப்போது இப்படி எழுதியிருக்கிறேன்: "இரண்டாம் வகைச் சர்க்கரை நோயாளிகளில், இரண்டு படியிலும் புரோலின் பாடம் உள்ளவர்களைவிட, ஒரு படியில் லியூசின் பாடம் உள்ளவர்களுக்குக் கழுத்துத் தமனியின் சுவர் தடித்திருந்தது, பெருங்குழல் நோயும் மிகுதியாக இருந்தது."

படி என்றது தாய்வழி ஒன்று, தந்தைவழி ஒன்று. எழுதி முடித்த பிறகுதான் கவனித்தேன், அல்லீலுக்கு (ஒரே மரபணுவின் மாற்று வடிவம் ஒவ்வொன்றுக்கும் உள்ள பெயர்) வெறும் 'பாடம்' என்ற சொல்லே போதுமானதாகிவிட்டது. அட்டவணையில் 'மரபணுப் பாடவேறுபாடு' அடங்கவில்லை. அங்கேயும் பாடம் என்றே போட்டுவிட்டேன். மறுப்பு இருந்தால் இந்த வாரத்துக்குள் சொல்லுங்கள், அப்புறம் அச்சுக்குப் போய்விடும்.