ஹெரால்ட் அண்ட் குமார்: கெட்ட வார்த்தையை எண்ணினால் போதுமா?

வாலிபர்சங்கம்:
'ஹெரால்ட் அண்ட் குமார் கோ டு ஒயிட் கேஸில்' (2004) பற்றி வாலிபர் கூட்டத்தில் 20 நிமிடம் பேசணும். கதை தெரியாதவர்களுக்கு: நியூ ஜெர்சியில் கொரிய வம்சாவளிப் பையன் ஹெரால்ட், இந்திய வம்சாவளிப் பையன் குமார். கஞ்சா அடித்துவிட்டு, பசியெடுத்து, ராத்திரி முழுக்க ஒரு பர்கர் கடையைத் தேடி அலைகிறார்கள். மொத்தம் 88 நிமிடம், அமெரிக்காவில் 'ஆர்' சான்றிதழ். கண்ணில் பட்ட கிறிஸ்தவ விமர்சனங்களில் கெட்ட வார்த்தை இத்தனை, ஆபாசம் இத்தனை என்று கணக்குத்தான் இருக்கிறது. "பார்க்காதே" என்பதைத் தாண்டி என்ன சொல்லலாம்?

பழையபிலிம்:
பிரதர், அந்தக் கணக்கையும் தள்ளிவிடாதீர்கள். பெற்றோருக்கு அது உதவும். ஆனால் எந்தப் பதிப்புக்கான கணக்கு என்று பாருங்கள். 'ஆர்' என்றால் 17 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் பெரியவர் துணையோடுதான் தியேட்டரில் பார்க்கலாம். டிவிடியில் 'அன்ரேட்டட்', அதாவது சான்றிதழ் வாங்காத பதிப்பும் வந்தது. அந்தச் சான்றிதழ் அதற்குப் பொருந்தாது.

மதிப்பிட ஒரு தாளில் மூன்று பத்தி போடுங்கள்: யார் என்ன செய்கிறார்கள், அதற்கு என்ன விலை கொடுக்கிறார்கள், நம்மை யாரைப் பார்த்துச் சிரிக்க வைக்கிறார்கள். இந்தப் படத்தில் இரண்டாவது பத்தி ஏறக்குறைய காலியாகவே இருக்கும். கஞ்சா அடித்துவிட்டுக் காரை எடுக்கிறார்கள், அது ஒரு பிரச்சினையாகவே வருவதில்லை. மருத்துவக் கஞ்சாவைக் கிளப்ப ஆஸ்பத்திரிக்குள் நுழைந்த குமாரை டாக்டர் என்று நினைத்து ஆபரேஷனுக்கு இழுத்துப் போகிறார்கள், நோயாளி பிழைத்துக்கொள்கிறான். கடைசியில் ஒருவனுக்குக் காதலி, இன்னொருவனுக்கு டாக்டர் ஆகும் ஆசை, இருவருக்கும் ஆம்ஸ்டர்டாம் பயணம். படத்தின் பெரிய பொய் இதுதான். கக்கூஸ் ஜோக்கெல்லாம் இதற்குப் பக்கத்தில் சில்லறை.

ஒரு இடத்தில் மட்டும் படம் தன்னையறியாமல் உண்மையைச் சொல்லிவிடுகிறது. ஹெரால்ட் லாக்கப்பில் இருக்கிறான். காப்பாற்ற வந்த குமார் ஸ்டேஷனில் ஒரு பெரிய கஞ்சா மூட்டையைப் பார்த்ததும் நின்றுவிடுகிறான். அதையே கல்யாணம் செய்து குடித்தனம் நடத்துவதாகக் கனவு. அந்தக் கனவுக் குடித்தனத்திலும் மூட்டை மனைவி அடிவாங்குகிறது. நண்பன் கம்பிக்குப் பின்னால் இருக்கும்போது வருகிற கனவு இது! போதை எதை மறக்க வைக்கும் என்று பேச இதைவிட நல்ல காட்சி கிடைக்காது.

எபேசு_ஐந்து:
எபேசியர் 5:4ஐ எடுத்துக்கொள்ளுங்கள்: "வம்பும், புத்தியீனமான பேச்சும், பரியாசமும் தகாதவைகள்." இதில் 'பரியாசம்' என்பதற்குக் கிரேக்கத்தில் 'யூட்ரபேலியா'. அதே சொல்லை அரிஸ்டாட்டில் நற்குணமாகச் சொல்கிறார், அளவறிந்த நகைச்சுவை என்ற பொருளில். இடைக்கால இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸும் அந்த வழியில்தான் போகிறார். சிரிக்கவே தெரியாதவனையும் குறைதான் சொல்கிறார். ஆகவே பவுல் கண்டிப்பது சிரிப்பை அல்ல. முந்தின வசனம் வேசித்தனம், பொருளாசை பற்றியது. அவற்றைச் சாதாரணமாக்குகிற சிரிப்பைத்தான் சொல்கிறார்.

"வேதத்தில் கொச்சையே இல்லை" என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள், எவனாவது எசேக்கியேல் 23ஐத் திறந்துவிடுவான். கர்மேல் மலையில் எலியா தீர்க்கதரிசி பாகால் என்ற அந்நிய தேவனைக் கேலி செய்யும்போது நம் மொழிபெயர்ப்பு "அலுவலாயிருப்பான்" என்கிறது. எபிரெயத்தில் அது வெளிக்குப் போயிருப்பதைக் குறிக்கும் என்று பல அறிஞர்கள் சொல்கிறார்கள்.

இன்னொன்று. கலாத்தியர் 5:20இல் கிரேக்கத்தில் 'பார்மகியா' என்று இருக்கிறது, மருந்து என்ற பொருளும் அதற்கு உண்டு. அதனால் அது கஞ்சாதான் என்று சாதிப்பார்கள். நம் வேதத்தில் அது 'பில்லிசூனியம்', அந்த இடத்துக்கு அதுவே சரி. போதைக்கு எபேசியர் 5:18, 1 பேதுரு 5:8 போதும்.

சிலுவைப்பாதை:
பழையபிலிம் சொன்ன மூன்றாவது பத்தியைத்தான் நான் முதலில் வைப்பேன். இயேசுவைப் பற்றிப் பேசி, டயரும் மாற்றிக் கொடுக்கிற 'ஃப்ரீக்‌ஷோ' என்ற ஆள் முகமெல்லாம் கொப்புளத்தோடு வருகிறார். பிறகு தன் மனைவியையே இவர்களிடம் விடுகிறார். "நம்மைக் கேவலப்படுத்திவிட்டார்கள்" என்று அங்கே கொதிக்க வேண்டாம், சபைக்கு உள்ளேயும் போலிகள் உண்டு. கேட்க வேண்டியது அந்த மனைவியைப் பற்றி. அவள் ஒரு ஆளாகவே வருவதில்லை, ஜோக்குக்கான சாமானாக வந்து போகிறாள். எனக்கு இதுதான் படத்தின் மிக அசிங்கமான இடம், கஞ்சா அல்ல.

நல்லதையும் மறைக்காதீர்கள். லாக்கப்பில் அமைதியாகப் புத்தகம் படிக்கிற கறுப்பின மனிதரைப் போலீஸ் நடத்துகிற விதத்தில் சிரிப்பு போலீஸ் மேல்தான் விழுகிறது. பலவீனனை விட்டு பலவானைக் கேலி செய்கிற இடம் அது.

கூட்டத்தில் கிளிப் போடாதீர்கள், அசிங்கமான காட்சிகளை விவரிக்கவும் வேண்டாம். அடுத்த நிமிடம் போனில் தேடுவார்கள். கஞ்சாவை விட்டு வந்த பையன் அங்கே உட்கார்ந்திருக்கலாம். அவனுக்கு அந்தப் புகையைப் பார்ப்பதே இடறல், ரோமர் 14 அவனுக்காகத்தான். அவனிடம் "கலைக்கண்ணோடு பார்" என்று சொல்லாதீர்கள்.

வாலிபர்சங்கம்:
நன்றி. கனவுக் காட்சிக்கு 8 நிமிடம், எபேசியருக்கு 5, மீதி கேள்விகளுக்கு. வேறு ஏதாவது விட்டுப்போச்சா?

சிலுவைப்பாதை:
கடையில் ஹெரால்ட் வாங்குவது 30 குட்டி பர்கர், 5 ஃப்ரெஞ்ச் ஃப்ரைஸ், 4 பெரிய செர்ரி கோக். குமாருக்கும் அதே, கோக் மட்டும் டயட். எங்கள் பழைய கத்தோலிக்க ஞானோபதேசத்தில் தலையான பாவம் ஏழில் போசனப்பிரியமும் உண்டு. எண்ணுவதென்றால் அந்த 60 பர்கரையும் எண்ணுங்கள்.