உங்கள் தெரு இருக்கும் இடத்தில் முன்னால் என்ன இருந்தது?

மடிப்பாக்கத்துக்காரன்:

முதலில் என் கதை. 2004இல் சென்னையை ஒட்டிய மடிப்பாக்கத்தில் அரை கிரவுண்டு மனை வாங்கினேன். புரோக்கர் இடத்தைக் காட்டியது மே மாதத்தில். தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. "இன்னும் மூணே வருஷம், வேளச்சேரிக்கு ரயில் வந்துடும் சார்" என்றார். அது பொய்யில்லை, 2007 நவம்பரில் பறக்கும் ரயில் வந்தே விட்டது. பக்கத்து டீக்கடைப் பெரியவர் மட்டும் வேறு ஒன்று சொன்னார்: "இது கழனி தம்பி. ஏரி நிறைஞ்சா கலங்கல் தண்ணி இப்படித்தான் கழுவெளிக்குப் போகும்." கலங்கல் என்றால் ஏரி நிறைந்து வழியும் இடம், கழுவெளி என்றால் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். சிரித்துவிட்டு டீக்காசைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

பட்டா பார்த்தேன், முப்பது வருட வில்லங்கம் போட்டுப் பார்த்தேன். தண்ணீர் போகும் வழியெல்லாம் வில்லங்கச் சான்றிதழில் வராது என்று அப்போது தெரியவில்லை. மடிப்பாக்கம் அன்று ஊராட்சி. மழைநீர் வடிகால், பாதாளச் சாக்கடை எதுவும் கிடையாது. வீடுகள்தான் முதலில் வந்தன. 2011இல் மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தபோதுதான் நாங்களும் சென்னைக்குள் சேர்ந்தோம்.

2015 டிசம்பர் 1 இரவு தண்ணீர் வாசல் வழியாக வரவில்லை. கழிவறைக் கோப்பையில் குபுகுபுவென்று மேலே ஏறியது. விடிவதற்குள் இடுப்பளவு. ஃபிரிட்ஜ் மிதந்து போய்ச் சமையலறைக் கதவை அடைத்துக்கொண்டது. மூன்று நாள் மொட்டை மாடியில் இருந்தோம். மேலிருந்து பார்த்தால் பெரியவர் கை காட்டிய அதே திசையில்தான் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு நில அளவைப் புலப்படம் வாங்கிப் பார்த்தேன். என் மனையை ஒட்டி மெல்லிசாக ஒரு கோடு, வாய்க்கால்.

உங்கள் தெருவில் எப்படி?

மாம்பலம் மூன்றாம் தலைமுறை:

மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு என்று ஒன்று இருக்கிறது. எங்கே நின்று பார்த்தாலும் ஏரி தெரியாது. சின்ன வயதில் தாத்தாவிடம் கேட்டால், "ஏரி மேலதாண்டா உஸ்மான் ரோடு" என்பார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்திருந்தேன். நுங்கம்பாக்கத்திலிருந்து மயிலாப்பூர் பக்கம் வரை நீண்டு கிடந்த ஏரியை வெள்ளைக்காரர்கள் லாங் டேங்க் என்றார்கள். 1920களில் நீதிக்கட்சி ஆட்சியில் அதைத் தூர்த்துத்தான் தியாகராய நகரை அமைத்தார்கள். அந்தக் கட்சித் தலைவர்கள் பெயர்தான் நகருக்கும் பனகல் பூங்காவுக்கும். நுங்கம்பாக்கத்தில் மிச்சமிருந்த ஏரியும் பிற்பாடு போனது. 1976இல் வள்ளுவர் கோட்டம் எழுந்தது அந்த இடத்தில்தான். லேக் ஏரியா, டேங்க் பண்ட் ரோடு என்று பெயர்கள் மட்டும் நிற்கின்றன.

இதெல்லாம் யாரும் இரவோடு இரவாக வளைத்துப் போட்டதில்லை, முறையாகத் திட்டம் போட்டுச் செய்தது. அதனால்தான், ஆக்கிரமிப்பு என்றதும் ஆற்றோரக் குடிசையை மட்டும் கை காட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் வளர்ந்த வீடே ஏரிக்குள்தான் இருக்கிறது என்றால் அவர்களுக்கு நம்ப முடியவில்லை.

பெரும்பாக்கம் எட்டாவது மாடி:

அந்தக் குடிசையில் இருந்தவள்தான் நான். சைதாப்பேட்டையில் அடையாற்றங்கரை. 2015 வெள்ளத்துக்குப் பிறகு, ஆற்றோரம் ஆபத்து என்று சாமான்களோடு லாரியில் ஏற்றிப் பெரும்பாக்கம் அரசுக் குடியிருப்பில் கொண்டுவந்து இறக்கினார்கள். நான் அப்போது ஒன்பதாம் வகுப்பு, பாதி வருடம் போயிருந்தது. அம்மா வீட்டு வேலைக்குப் பத்து நிமிடம் நடந்து போனவர். இங்கே வந்த பிறகு நாலு மணிக்கு எழுந்து பஸ் பிடித்தார். மூன்று வீட்டு வேலை ஒன்றானது.

முதல் மழைக்காலத்தில் ஜன்னல் வழியாகப் பார்த்தால் கட்டடத்தைச் சுற்றி ஒரே தண்ணீர். இதுவும் பள்ளிக்கரணைச் சதுப்போரம்தானாம். "ஆத்துலேர்ந்து கூட்டியாந்து கொளத்துல வுட்டுட்டானுங்க" என்றார் அம்மா. அதே சதுப்புக்கு 2022இல், உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலம் என்று ராம்சார் அங்கீகாரம் கிடைத்தபோது எங்கள் கல்லூரியில் கட்டுரைப் போட்டி வைத்தார்கள். நான் எழுதவில்லை.

மாம்பலம் மூன்றாம் தலைமுறை:

அந்தக் கட்டுரையை இங்கேயாவது எழுதுங்கள் அம்மா. மடிப்பாக்கத்தாரே, நீங்கள் வீட்டை விற்றுவிட்டீர்களா?

மடிப்பாக்கத்துக்காரன்:

வாங்க ஆள் வேண்டுமே. பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே புதுசு போட்டுப் போட்டுத் தெரு உயர்ந்துகொண்டே போகிறது. வாசலில் ஏறி நுழைந்த வீட்டுக்குள் இப்போது இறங்கி நுழைகிறோம். பக்கத்து வீட்டுக்காரர் போன வருடம் ஜாக்கி வைத்து வீட்டையே நாலடி தூக்கிவிட்டார். அவர் வீட்டுக்குள் போன தண்ணீரும் சேர்ந்து இப்போது என் வீட்டுக்கு வருகிறது. சரி, வேறு வழியில்லை, வருகிற மே மாதம் நானும் தூக்குகிறேன். காண்டிராக்டர் வந்து அளவெடுத்தபோது எதிர் வீட்டுக்காரர் கேட்டுக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். எத்தனை அடி என்று கேட்டார்.