சிக்னலில் போலீஸுக்குத் துணையாக சாதாரண ஆட்கள்: சரிவருமா?

நாலுமுனை:
எங்கள் பகுதிக் குடியிருப்போர் குழுவில் இருக்கிறேன். போக்குவரத்துப் போலீஸ் போதவில்லை என்று, நெரிசல் நேரத்துக்கு மட்டும் பொதுமக்களில் சிலரைச் சம்பளத்துக்கு எடுத்து ஜங்ஷன்களில் நிறுத்த ஒரு திட்டம் வருகிறது. எங்கள் குழுவிடம் கருத்துக் கேட்டிருக்கிறார்கள். அடுத்த வாரம் எழுதிக் கொடுக்க வேண்டும்.

அபராதம் போட அதிகாரம் இல்லாத ஒருவர் கையைக் காட்டினால் யார் நிற்பார்கள்? விசிலும் பளபள சட்டையும் போதுமா? இந்த வேலையைப் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

ஹாரன்வெறுப்பு:
போலீஸ்காரரே நின்றாலும், அவர் எப்போது அந்தப் பக்கம் திரும்புவார் என்று பார்த்துக்கொண்டிருக்கிற கூட்டம் இது. சட்டையை மாட்டிக்கொண்டு ஒரு பையன் நின்று என்ன ஆகப்போகிறது? அந்தப் பணத்துக்கு நாலு கேமரா வைக்கச் சொல்லுங்கள்.

பழைய விசில்:
மூன்றரை வருஷம் இந்த வேலை பார்த்தவன். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேமரா நல்லதுதான். சிவப்பைத் தாண்டியவனைப் படம் பிடிக்கும். ஆனால் நடு ஜங்ஷனில் பஸ் பழுதாகி நின்றால் பின்னால் வருகிறவர்களை ஒதுக்கி விடாது. அப்புறம் ஒன்று: நான் நின்ற இடத்தில் மாலை நெரிசலைக் கிளப்பியவர்கள் சிவப்பைத் தாண்டியவர்களே இல்லை. பச்சையில் ஒழுங்காகப் போனவர்கள். முன்னால் இடமே இல்லாதபோதும், பச்சைதானே என்று உள்ளே நுழைந்து நடுவில் மாட்டிக்கொள்வார்கள். குறுக்கே போகிறவர்களுக்குப் பச்சை விழும், போக வழி இருக்காது. அவர்களும் முண்டியடித்து உள்ளே வர, நாலு பக்கமும் பூட்டிக்கொள்ளும். இதைத் தடுக்க, சரியான நேரத்தில் முதல் காருக்கு முன்னால் ஒரு ஆள் பத்து விநாடி நின்றால் போதும். என் வேலையில் பாதி அதுதான்.

யார் நிற்பார்கள் என்று கேட்டீர்கள். முதல் வரிசை நின்றால் பின்னால் இருப்பவர்கள் நின்றுதானே ஆக வேண்டும்? தூரத்தில் வரும்போதே ஒருவரைக் குறிவைத்து, அவர் கண்ணைப் பார்த்துக் கையைத் தூக்கி, அப்படியே வைத்திருக்க வேண்டும். ஆட்டினால் கெட்டது, ‘வா’ என்கிறானா ‘நில்’ என்கிறானா என்று தெரியாது. கிட்ட வந்துவிட்டவரை நிறுத்தப் பார்க்கவே கூடாது. 50 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற வண்டி ஒரு விநாடியில் 14 மீட்டர் வந்துவிடும். அவர் கால் பிரேக்குக்குப் போவதற்குள் வண்டி உங்களிடம் வந்திருக்கும்.

1968 வியன்னா சாலைப் போக்குவரத்து உடன்படிக்கையில் இது இருக்கிறது. கையை நேராக மேலே தூக்கினால் எல்லாரும் நிற்க வேண்டும், பாதுகாப்பாக நிற்க முடியாதபடி நெருங்கிவிட்டவர்களைத் தவிர. பயிற்சியில் இதைச் சொன்னபோது ஓட்டுநருக்குக் கொடுத்த சலுகை என்று நினைத்தேன். இரண்டாவது வாரம் ஒரு லாரி என் முழங்கையை உரசிக்கொண்டு போனது. அன்றைக்குத்தான் அந்த வரி எனக்காகவும் எழுதியது என்று உறைத்தது.

அதே உடன்படிக்கை, சாலையில் நிற்கும் அதிகாரம் பெற்ற அலுவலரின் சைகை சிக்னல் விளக்கை விட மேலானது என்றும் சொல்கிறது. அந்த ‘அதிகாரம் பெற்ற’ என்பதில்தான் வில்லங்கம். ஒருநாள் ஆம்புலன்ஸ் ஒன்று சிவப்பில் மாட்டிக்கொண்டது. முன்னால் நின்ற மூன்று கார்களையும் சிவப்பைத் தாண்டிப் போகச் சொல்லி அதற்கு வழி விட்டேன். இரண்டு வாரம் கழித்து அதில் ஒருவர் அபராத நோட்டீஸோடு வந்து, நடுரோட்டில் காரை நிறுத்தி, “நீ சொல்லித்தானே போனேன்?” என்றார். கேமராவுக்கு என் கை தெரியுமா? நான் போலீஸும் இல்லை. என் கைக்குச் சட்டத்தில் என்ன மதிப்பு என்று எனக்கே யாரும் சொல்லித் தரவில்லை. அன்று கூட இருந்த போலீஸ்காரர் நல்ல மனுஷர், நடந்ததை எழுதிக் கொடுத்தார், அபராதம் ரத்தானது. அதற்கப்புறம் ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொண்டேன். சிவப்பில் யாரை அனுப்பினாலும் நேரம், வண்டி எண், காரணம். மழையில் மை கலைந்துபோனதால் பென்சிலுக்கு மாறினேன்.

ஆகவே, எங்கள் சைகையை நம்பிப் போகிறவருக்கு யார் பொறுப்பு என்பதை முதலில் எழுத்தில் வாங்குங்கள். எங்களைத் தனியாக நிறுத்தக் கூடாது என்பதையும். போலீஸ்காரர் இருபதடி தள்ளி நின்றால் என் கைக்கு ஒரு கனம் இருக்கும். அவர் வேறு பணிக்குப் போன நாட்களில் அதே கை காற்றில் ஆடுகிற துணிதான்.

கால்நடையாளன்:
அபராத அதிகாரம் கொடுத்தாலும் தலைவலிதான். 1960-ல் லண்டனில் டிராஃபிக் வார்டன்களை இறக்கினார்கள். போலீஸ் இல்லை, ஆனால் சீட்டு எழுதலாம். முதல் சீட்டே, மாரடைப்பு வந்தவரைப் பார்க்க ஓடி வந்த ஒரு டாக்டரின் காருக்கு. ஊரே கொதித்து, கடைசியில் அந்த அபராதத்தைக் கைவிட்டார்கள்.

இதற்கு நேர் எதிர் கொலம்பியாவின் போகோட்டா. 1990-களின் நடுவில் மேயர் அந்தனாஸ் மோக்கஸ், முகத்தில் வெள்ளைச் சாயம் பூசிய மைம் கலைஞர்கள் 20 பேரைத் தெருவில் விட்டார். விதியை மீறுகிறவர்களின் பின்னாலேயே போய் அவர்கள் மாதிரியே நடந்து காட்டிக் கேலி செய்வார்கள். பேச்சு கிடையாது, சீட்டு கிடையாது. மக்களுக்குப் பிடித்துப்போய் இன்னும் 400 பேருக்குப் பயிற்சி கொடுத்தார்கள். பொலிவியாவின் லா பாஸில் 2001 முதல் வரிக்குதிரை வேஷம் போட்ட இளைஞர்கள் ஆட்களைச் சாலை கடக்க வைக்கிறார்கள். அதிகாரம் இல்லாதவனுக்கு நாடகம் ஒரு ஆயுதம் போல.

ஹாரன்வெறுப்பு:
இங்கே வரிக்குதிரை நின்றால் செல்ஃபி எடுக்க வண்டியை நிறுத்துவார்கள். நெரிசல் இரட்டிப்பு.

ஆனால் அந்த அபராத நோட்டீஸ் கதையைப் படித்ததும் கேமரா பற்றிப் பேசியதைக் கொஞ்சம் குறைத்துக்கொள்கிறேன்.

நாலுமுனை:
அண்ணா, இன்னொரு கேள்வி. நெரிசல் நேரத்தில் சிக்னலை அணைத்துவிட்டு, உதவியாளர்களே கையால் விடட்டும் என்று குழுவில் ஒருவர் சொல்கிறார். செய்யலாமா?

பழைய விசில்:
வேண்டவே வேண்டாம். நானே ஒரு தடவை செய்து மாட்டியிருக்கிறேன். ஒரு பக்கம் வண்டிகள் சரசரவென்று ஓடிக்கொண்டிருக்கும்போது நிறுத்த மனசே வராது, இன்னும் நாலு போகட்டும் என்று தோன்றும். குறுக்கே நிற்கிற வரிசை வளர்ந்து முந்தைய ஜங்ஷன் வரை போய்விடும், நான் நிற்கிற இடத்திலிருந்து அது தெரியாது. அடிக்கடி மாற்றினாலும் நஷ்டம்தான். ஒவ்வொரு முறையும் வரிசை கிளம்பி வேகம் பிடிக்கவே சில விநாடி வீணாகும். சிக்னல் ஓடட்டும். அது சொன்னதைக் கேட்க வைக்கிறதும், நடந்து போகிறவர்களைக் கடக்க வைக்கிறதும் உதவியாளர் வேலையாக இருக்கட்டும்.

சட்டை பற்றிக் கேட்டிருந்தீர்கள், விட்டுப்போச்சு. அந்த மஞ்சள் பகலுக்குத்தான். வெயிலில் இருக்கிற புற ஊதாக் கதிரை வாங்கித்தான் அது பளிச்சென்று தெரிகிறது. இருட்டியதும் உயிரைக் காப்பது குறுக்கே ஒட்டியிருக்கும் வெள்ளிப் பட்டை. துவைக்கத் துவைக்க அது மங்கும். எனக்குக் கொடுத்த சட்டையில் ஆறே மாதத்தில் சாம்பல் கோடுதான் மிச்சம், புதுசு கேட்டு நடையாய் நடந்தேன்.

இன்னொன்று, இதை யாரும் எழுத மாட்டார்கள். கழிவறை. எதிர் முனையில் என்னோடு நின்ற அம்மா வேலைக்கு வரும் நாளெல்லாம் மதியத்துக்கு மேல் தண்ணீரே குடிக்க மாட்டார். ஒருநாள் தலைசுற்றித் தடுப்புச்சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மயக்கத்துக்கு வெயில்தான் காரணம் என்று எழுதி முடித்துவிட்டார்கள்.

நாலுமுனை:
நன்றி அண்ணா. எங்களுக்கு வந்த வரைவை இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். சட்டையின் நிறத்துக்கு ஒரு பத்தி இருக்கிறது. ஷிஃப்ட் ஐந்து மணி நேரம். கழிவறை என்ற சொல்லே இல்லை. அதிலிருந்து ஆரம்பிக்கிறேன்.